மலையடிவாரத்து வீடு: தீ எந்தப் பக்கமிருந்து வரும்?

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, போடிநாயக்கனூர் பக்கம் மலையடிவாரத்தில் மாமனார் விட்டுப்போன நாலு ஏக்கர் தோட்டத்துக்கே குடிவந்துவிட்டோம். மா, இலவம், கொஞ்சம் தென்னை. பழைய ஓட்டு வீடு, ஒட்டினாற்போல் கீற்று வேய்ந்த மாட்டுக்கொட்டகை. மேற்கே வேலியைத் தாண்டினால் காப்புக்காடு, மலை ஏறுகிறது. கிழக்கே எங்களுக்குக் கீழே, தார் ரோடு வரை ஆறு ஏக்கர் வேறொருவருடையது. அவர் கோவையில் இருக்கிறார், வந்து பார்த்துப் பல வருஷமாகிறது. புல்லும் உண்ணிச்செடியும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. போன மாசியில் மலையில் பிடித்த தீ ராத்திரியில் இறங்கி எங்கள் வேலி வரை வந்துவிட்டது. வனத்துறை ஆட்கள் வந்து அணைத்தார்கள். மாமனார் செய்ததுபோல வருஷா வருஷம் வேலியோரத்தை நாமே முன்கூட்டி எரித்துவிடலாம் என்கிறார் கணவர். வீட்டைச் சுற்றி மரமே இருக்கக் கூடாது, வெட்டிப் போடுங்கள் என்கிறார் கொழுந்தனார். எது சரி? பக்கத்து நிலத்துக்காரரை என்ன செய்வது?
— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில் (ஓய்வு பெற்ற வனச்சரகர்):

அன்புள்ள டீச்சர்,

எரிக்கவும் வேண்டாம், மரங்களை வெட்டவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் பயப்படும் திசையையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் கண் முழுக்க மேற்கே, மலை மேல் இருக்கிறது. கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பயம் தந்தது கிழக்கே கிடக்கும் அந்த ஆறு ஏக்கர்தான்.

தீ மேட்டைப் பார்த்து ஓடும், பள்ளத்தைப் பார்த்து ஊரும். சரிவில் ஏறும்போது சுவாலை சாய்ந்து, தனக்கு முன்னால் இருக்கும் புல்லைக் காயவைத்துக்கொண்டே போகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பது தீயணைப்பில் உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு. காற்றும் இதற்குத் துணை போகும். பகலில் வெயில் ஏற ஏற, சூடான காற்று பள்ளத்திலிருந்து மலையைப் பார்த்து ஏறும். பொழுது சாய்ந்தபின் குளிர்ந்த காற்று மலையிலிருந்து இறங்கும். போன வருஷம் உங்கள் வேலிக்கு வந்தது அப்படி ராத்திரிக் காற்றோடு இறங்கிய தீ. பார்க்கப் பயங்கரமாக இருந்திருக்கும். ஆனால் இறங்கும் தீயின் சுவாலை தாழ்வாக இருக்கும், நடையும் மெதுவாக இருக்கும். அதனால்தான் பச்சைத் தழைக்கொப்பு வைத்து அடித்தே ஆட்கள் அதை நிறுத்த முடிந்தது. அதே தீ பங்குனி மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, ரோட்டோரம் யாரோ போட்ட பீடித் துண்டிலிருந்து கிளம்பி, ஆளுயரப் புல்லில் மேலேறி உங்கள் வீட்டைப் பார்த்து வந்தால் தழைக்கொப்பு எதற்கும் ஆகாது. ஆட்கள் வந்து சேர நேரமும் இருக்காது.

அடுத்தது, வீடு எப்படிப் பற்றுகிறது என்பது. சுவாலை சுவர்போல எழுந்து வந்து வீட்டை விழுங்குவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகள் அப்படிப் போவதில்லை. காற்றில் பறந்துவரும் தீப்பொறியும் கங்கும்தான் வீட்டை எரிக்கின்றன. கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலையூர் 2018 நவம்பரில் எரிந்தது. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: வீடு இருந்த இடத்தில் சாம்பல், பக்கத்திலேயே மரங்கள் பச்சையாக நிற்கும். கனடாவின் வடமேற்கில் 1990-களின் கடைசியில், காட்டையே கொளுத்தி, மரச்சுவர்களைப் பல தூரங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டரில் நின்ற சுவர்கள் சில பற்றின. 30 மீட்டரில் நின்றது பற்றவில்லை. அதாவது காட்டுத்தீயின் வெப்பம் நேராக வந்து தாக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. கங்கு மட்டும் நூற்றுக்கணக்கான மீட்டர் தாண்டிப் பறந்து வரும். வந்து விழும் இடத்தில் பற்றுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதில்தான் வீட்டின் விதி இருக்கிறது.

ஆகவே வேலையை வேலியிலிருந்து தொடங்காதீர்கள். கூரையிலிருந்து தொடங்குங்கள்.

ஓட்டு வீடு என்றீர்கள். ஓடு எரியாது, சரி. ஆனால் ஓட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? இரண்டு கூரை சேரும் கூடல்வாயில் மாவிலைச் சருகு ஒரு சாண் உயரம் சேர்ந்திருக்கும். இறவாரத்தில் அணில் கூடு கட்டியிருக்கும், அதுவும் உங்கள் தோட்டத்து இலவம் பஞ்சையே கொண்டுவந்து. அதன் கீழே காய்ந்த தேக்குச் சட்டமோ பனங்கையோ. ஒரு கங்கு அந்த இடுக்கில் நுழைந்தால் போதும், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியும்போது உள்ளே கூரை பிடித்திருக்கும். ஆள் வைத்து ஓடு மாற்றி, உடைந்ததை எடுத்துவிட்டு, கூடல்வாயைச் சுத்தம் செய்து, இறவாரத்து இடைவெளிகளைச் சிமெண்டாலோ நெருக்கமான கம்பி வலையாலோ அடையுங்கள். செலவு பெரிதில்லை. கிடைக்கும் பலனோ நீங்கள் செய்யப்போகும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

கீற்றுக் கொட்டகைதான் உங்கள் சொத்திலேயே மோசமான இடம். வீட்டை ஒட்டினாற்போல் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். காய்ந்த தென்னங்கீற்றுக்குக் கங்கு காட்டினால் என்ன ஆகும் என்று டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையைப் பத்து மீட்டராவது தள்ளிப் போடுங்கள், கூரைக்குத் தகரம் போடுங்கள். வெயிலில் மாடு வேகுமே என்று கணவர் சொல்வார், நியாயம்தான். உயரத்தைக் கூட்டி, பக்கங்களைத் திறந்துவிட்டு, மேலே வெள்ளையடித்தால் சமாளிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். அது எரியாது, ஆனால் தீயின் சூட்டில் வெடித்துச் சிதறும்.

விறகு அடுக்கு, சோளத்தட்டைப் படப்பு, காய்ந்த தென்னை மட்டை, பழைய சாக்கு, இவையெல்லாம் சுவரோரம் நிழலில்தான் இருக்கும், எந்தத் தோட்ட வீட்டிலும் அப்படித்தான். தை முதல் சித்திரை வரைக்குமாவது அவற்றை முப்பது மீட்டர் தாண்டி வையுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் சுற்றளவில் மண்ணோ ஜல்லியோ தவிர எதுவும் இருக்கக் கூடாது. திண்ணையில் கிடக்கும் கோரைப்பாய், வாசலில் தொங்கும் காய்ந்த மாவிலைத் தோரணம் வரைக்கும் கணக்கில் சேரும். இலவங்காயை வெடிக்க விடாமல் பறித்துவிடுங்கள், பறித்ததைத் திண்ணையில் குவிக்காதீர்கள். உங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் தாழ்வாரம் முழுக்கப் பஞ்சு பரப்பிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் வெடிமருந்தைக் காயப்போட்டதுபோல் இருக்கும்.

கொழுந்தனார் சொல்லும் மரம் வெட்டும் யோசனைக்கு வருகிறேன். தண்ணீர் பாய்ந்து பச்சையாக நிற்கும் மாமரம் எதிரி இல்லை. அது காற்றின் வேகத்தைக் குறைக்கும், பறந்துவரும் கங்கைத் தன் பச்சை இலையில் வாங்கி அணைக்கும். வெட்டிவிட்டால் அந்த வெயில் விழும் இடத்தில் ஒரே வருஷத்தில் புல் எழும்பும், புல்தான் எதிரி. காய்ந்த புல் காலைப் பனியில் நனைந்திருந்தாலும், பத்து, பதினொரு மணி வெயிலுக்குள் திரும்பவும் எரியத் தயாராகிவிடும். மரக்கட்டை காய்வதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே கூரைமேல் கவியும் கிளைகளை மூன்று மீட்டர் இடைவெளி வரும்படி வெட்டுங்கள். மற்ற மரங்களில் ஆள் தலை உயரத்துக்குக் கீழே தொங்கும் கிளைகளையும் காய்ந்த கொம்புகளையும் கழியுங்கள். புல்லில் பிடித்த தீ மரத்தில் ஏறுவதற்கு அவைதான் ஏணிப்படி. மூட்டுச் சருகை வாரி, வீட்டிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டிச் சாணக் கரைசல் தெளித்து மக்கவிடுங்கள். தோட்டக்கலைத் துறையில் மரத்தைச் சுற்றி மூடாக்குப் போடச் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்குத் தள்ளி இருக்கும் மரங்களுக்கு அது இருக்கட்டும், ஈரம் காக்கும். வீட்டைச் சுற்றிய முப்பது மீட்டருக்குள் மட்டும் வேண்டாம். இன்னொன்று: மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கிராமங்களில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் அதில் வருகிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரிவாளை எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள் என்று கொழுந்தனாரிடமும் சொல்லுங்கள்.

வேலியோரம் எரிப்பது. உங்கள் மாமனார் செய்தார், அவர் அப்பாவும் செய்திருப்பார், மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் எரிக்கும் நாளன்று ஊரே வந்து நிற்கும். பத்துப் பேர் தழையோடு, நாலு பேர் தண்ணீர்க்குடத்தோடு. எந்த நாளில், எந்தக் காற்றில், எந்த மூலையிலிருந்து வைப்பது என்று தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள், சீசனின் தொடக்கத்திலேயே சருகை மெல்ல எரித்துவிடும் பழக்கம் இருந்தவரை காடு நன்றாக இருந்தது, உண்ணிச்செடியும் இவ்வளவு இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எங்கள் துறை அதைக் காது கொடுத்துக் கேட்டது குறைவு. ஆனால் அது ஒரு சமூகமே சேர்ந்து செய்த வேலை. ஓய்வு பெற்ற இரண்டு பேர் மாசி மாதத்தில் தீப்பெட்டியோடு வேலிக்குப் போவது அது இல்லை. அதோடு, இப்போது அந்தச் சரிவு முழுக்க உண்ணி. எரித்தால் அடிக்கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்த்து வரும். எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் வைத்த தீ வேலி தாண்டிக் காப்புக்காட்டில் ஏறினால் 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். வேண்டுமென்று வைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போகிக்குப் பழையதை எரிப்பதுகூட மலையோரத்தில் வேண்டாம். போகிக்குச் சுத்தம் செய்யுங்கள், நல்ல நாள், ஆளும் கிடைக்கும். குப்பையை மட்டும் குழியில் போடுங்கள்.

எரிப்பதற்குப் பதில் செதுக்குங்கள். மேற்கு வேலிக்கு உள்ளே, உங்கள் பட்டாவில், நாலைந்து மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சருகை வாரி, வெறும் மண் தெரியும்படி ஒரு தீத்தடுப்புக் கோடு. கோட்டின் மேல்பக்க ஓரமாக ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால்போல வெட்டிவிடுங்கள். மலையில் எரியும் கட்டையும் பனங்காய் அளவுக் கங்கும் உருண்டு வரும், அதில் விழுந்து நின்றுவிடும். கோடு சரிவுக்குக் குறுக்காகத்தான் போக வேண்டும். மேலிருந்து கீழாக நெட்டுக்குத்தாகச் செதுக்கினால் ஐப்பசி மழையில் அதுவே ஓடையாகிவிடும். வேலிக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு செடியையும் தொடாதீர்கள். அந்தப் பக்கம் கோடு எடுக்க வேண்டியது வனத்துறை. எழுதிக் கொடுத்தால் எடுப்பார்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும். பிரஷ் கட்டர் வாடகைக்கு எடுத்தால் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். இரும்புப் பிளேடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியிலும் புல் பிடிக்கும்.

இப்போது அந்த ஆறு ஏக்கர். சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. ஆனால் அது மனு, விசாரணை, நோட்டீஸ் என்று இழுக்கும். அதற்குள் இரண்டு கோடை போய்விடும், கோவைக்காரரும் உங்களுக்கு நிரந்தர விரோதியாகிவிடுவார். போன் போட்டுப் பேசுங்கள். “உங்கள் நிலத்தைச் சுத்தம் செய்யுங்கள்” என்று தொடங்க வேண்டாம். “உங்கள் நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டுக்கொள்ளட்டுமா, செலவு உங்களுக்கு இல்லை” என்று கேளுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள். சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் அறுப்பு முடிந்து கீதாரிகள் உங்கள் பக்கம் கிடை மாற்றிக்கொண்டு வருவார்கள். பத்துப் பதினைந்து நாள் கிடை நின்றால் புல் தரையோடு போகும், நிலத்துக்கு எருவும் ஆயிற்று. இதில் ஒரு குறை உண்டு. போதைப்புல்லை ஆடு தொடாது, உண்ணியையும் தின்னாது. அவற்றைக் கூலி கொடுத்துத்தான் அறுக்க வேண்டும். ஆறு ஏக்கரும் உங்களால் முடியாது, தேவையும் இல்லை. உங்கள் எல்லையை ஒட்டி முப்பது மீட்டர், ரோட்டை ஒட்டிப் பத்து மீட்டர், அவ்வளவுதான். தீ பெரும்பாலும் தொடங்கும் இடம் ரோட்டோரம், அது உங்களை எட்டும் இடம் எல்லை. நடுவில் கிடப்பது அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும். அடுத்தவர் நிலத்துக்கு நாம் ஏன் கூலி கொடுக்க வேண்டும் என்று கணவர் கேட்டால், கேட்பது நியாயமே. உங்கள் கூரை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 26 கிராம சபைக்குப் போங்கள். தீக்காலம் தொடங்குவதற்குச் சரியாக முன்னால் வரும் கூட்டம் அது. உங்கள் தோட்டத்துக்குப் போகும் மின்கம்பி எங்கெங்கே மரத்தில் உரசுகிறது, ரோட்டோரக் குப்பையை யார் கொளுத்துகிறார்கள் என்பதையெல்லாம் தீர்மானமாக எழுதவையுங்கள். கிராம வனக்குழு இருந்தால் அதன் தலைவரைத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், மலைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள், தேன் எடுக்கப் போகிறவர்கள், கடுக்காய் பொறுக்கப் போகிறவர்கள், வனத்துறையில் தீக்காவலுக்கு எடுக்கும் தற்காலிக ஆட்கள், இவர்களுடைய போன் நம்பர்கள். காட்டுக்குத் தீ வைப்பதே இவர்கள்தான் என்று சிலர் பேசுவார்கள். புதுப்புல்லுக்காக வைப்பவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகையை முதலில் பார்ப்பதும், முதலில் ஓடிப்போய் அடிப்பதும் இவர்கள்தான். டெஹ்ராடூனில் இருக்கும் இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. ‘வன் அக்னி’ தளத்தில் பதிவு செய்தால் உங்கள் போனுக்கும் இலவசமாக வரும், செய்துவையுங்கள். ஆனால் செயற்கைக்கோள் உங்கள் மலையைக் கடந்து போகும் நேரத்தில்தான் பார்க்கும். மாடு மேய்ப்பவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை. மோட்டாரை நம்பாதீர்கள். தீ வந்தால் முதலில் போவது கரண்ட். மேடான இடத்தில் ஒரு தொட்டி, அதிலிருந்து தானாக இறங்கும் குழாய், வீட்டைச் சுற்றி எட்டும் அளவுக்கு ஹோஸ். அது போதும்.

அப்புறம் தீ வந்துவிட்ட நாள். குரங்கணியைப் பற்றி உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்தவர்கள் காய்ந்த புல் நிறைந்த சரிவில் மாட்டிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே புகை தெரிந்தால் வேடிக்கை பார்க்க வேலியைத் தாண்டி மேலே ஏறாதீர்கள், தீக்கு மேல்பக்கம் எப்போதும் நிற்காதீர்கள். 101 அல்லது 112-க்கும், வனச்சரக அலுவலகத்துக்கும் போன் செய்யுங்கள். மாடுகளை அவிழ்த்துவிடுங்கள், சிலிண்டர் வால்வை மூடுங்கள், ஜன்னல் கதவுகளைச் சாத்துங்கள், பருத்தித் துணி உடுத்திக்கொள்ளுங்கள், நைலான் புடவை வேண்டாம். எதிர்த் தீ வைக்கலாம் என்று யாராவது வீரம் பேசினால் விடாதீர்கள், அது பயிற்சி பெற்றவர்கள் வேலை. தீ கீழே ரோட்டுப் பக்கமிருந்து என்றால் உங்களுக்கு இருக்கும் ஒரே வழியும் அதே ரோடுதான். எனவே புகையைப் பார்த்ததும் கிளம்பிவிட வேண்டும், சுவாலை தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. பாதை அடைபட்டுவிட்டால், செதுக்கிய வெறும் மண்தரையோ ஏற்கெனவே எரிந்து கரிந்த இடமோதான் புகலிடம். பத்திரம், பட்டா, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பையில், கதவருகே, தை முதல் சித்திரை வரை.

வீடு தப்பித்து, தீயும் அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடியவில்லை. இலவத்து அடிக்கட்டை, எருக்குழி, சருகுக் குழி, காய்ந்த வேலிமரத்தின் தூர் ஆகியவற்றில் தீ வெளியே தெரியாமல் நாலைந்து நாள்கூடக் கனன்றுகொண்டிருக்கும். மூன்றாம் நாள் மத்தியானக் காற்றில் திரும்ப எழும். புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கிளறித் தண்ணீர் ஊற்றுங்கள், ஆறும்வரை தினமும் காலையும் மாலையும் ஒரு நடை போய்வாருங்கள்.